சிவப்புப் பனி அள்ள ஸ்வால்பார்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு

ஆர்க்டிக்கில் நார்வேயின் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டிலிருந்து ஊர் திரும்பும் வழியில், கடைசி விமானத்துக்குக் காத்திருந்தபோது, தெர்மாகோல் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உலர்பனி (உறைந்த கார்பன் டைஆக்சைடு) ஒரு துண்டுகூட இல்லை. மூன்று வாரம் பனியாற்றில் நடந்து பாசி படிந்த பனியை அள்ளி, இரவெல்லாம் உட்கார்ந்து வடிகட்டி, அலுமினியத் தாளில் சுற்றி, மைனஸ் 80 டிகிரியில் பத்திரமாக வைத்திருந்த 36 வடிதாள்களும் பிசுபிசுவென்று இளகிக் கிடந்தன. அழுகை வரவில்லை, பசிதான் வந்தது. போய்க் கொள்ளை விலைக்கு ஒரு சாண்ட்விச் வாங்கித் தின்றேன்.

அதற்கு முன்னால் விசாவில் சறுக்கினேன், காப்பீட்டில் சறுக்கினேன், பூட்ஸில்கூடச் சறுக்கினேன். துருவப் பனியைச் சிவப்பாகவும் பழுப்பாகவும் மாற்றும் நுண்பாசிகளை ஆராய வேண்டும் என்று எம்.எஸ்ஸி.யிலோ பிஎச்.டி.யிலோ ஆசைப்பட்டு, முதல் தடவையாக ஆர்க்டிக் பக்கம் கிளம்புகிறவர் நீங்கள் என்றால், இது உங்களுக்குத்தான். பனிப்பாசியின் அழகைப் பற்றி எழுதப் போவதில்லை. எந்தத் தாள் எப்போது வேண்டும், எங்கே காசு கரையும், எந்த இடத்தில் கால் வழுக்கும், அவ்வளவுதான்.

1. எந்தப் பாசி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"பனிப் பாசி சேகரிக்கப் போகிறேன்" என்று விண்ணப்பத்தில் எழுதினால் போதாது. நிறம் மாற்றும் பாசிகளில் இரண்டு தனித்தனிக் கூட்டம் இருக்கிறது, இரண்டுக்கும் இடம் வேறு, காலம் வேறு, அள்ளும் கருவியும் வேறு.

முதல் கூட்டம் உருகும் பனியில் வாழ்வது. ரத்தச் சிவப்பாகவோ தர்பூசணி நிறத்திலோ தெரியும் பனி இவற்றின் வேலைதான். பழைய பாடப்புத்தகங்களில் கிளாமிடோமோனாஸ் நிவாலிஸ் என்று படித்திருப்பீர்கள்; உலகம் முழுக்கச் சிவப்புப் பனியில் அதிகமாகக் கிடைக்கும் இனத்துக்கு 2019 முதல் சாங்குவினா நிவலாய்டிஸ் என்று பெயர். விண்ணப்பத்தில் பழைய பெயரை மட்டும் எழுதினால், படிக்கிறவர் இந்தத் துறையைச் சேர்ந்தவராக இருந்தால் முதல் பத்தியிலேயே புருவத்தை உயர்த்துவார். செல்லுக்குள் அஸ்டாசாந்தின் என்ற நிறமி நிறைந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு.

இரண்டாவது கூட்டம் பனி உருகிப் போன பிறகு வெளியே தெரியும் பனியாற்றுப் பனிக்கட்டியின் மேல் வாழ்வது, சுருக்கமாகக் கட்டிப் பாசி. அன்சிலோனீமா என்ற பேரினம். இது சிவப்பாக இருக்காது. பழுப்பும் ஊதாவும் சாம்பலும் கலந்த அழுக்கு மாதிரி இருக்கும், காரணம் பர்புரோகாலின் வகை நிறமி. முதல் தடவை நான் இதை மண் என்று நினைத்து மிதித்துக்கொண்டே போய்விட்டேன்.

காலம்தான் முக்கியம். பனிப்பாசி வளர, பனித்துகள்களுக்கு நடுவில் நீர் இருக்க வேண்டும், அதாவது உருகத் தொடங்கியிருக்க வேண்டும். ஸ்வால்பார்டில் அது பெரும்பாலும் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை. கட்டிப் பாசிக்கு ஜூலைப் பிற்பகுதியும் ஆகஸ்டும். கோடை போகப்போகப் பனிக்கோடு, அதாவது உருகாமல் மிஞ்சிய பனியின் கீழ் எல்லை, மேலே ஏறும், சிவப்பும் அதோடு மேலே ஏறும். ஜூலை நடுவில் போனால் ஒரே பனியாற்றின் கீழ்ப்பகுதியில் பழுப்பும் மேல்பகுதியில் சிவப்பும் கிடைக்க வாய்ப்பு உண்டு. முதல் பயணத்துக்கு நான் சொல்வது ஜூலை 5 முதல் 30 வரை. ஒரு வாரம் மட்டும் என்று திட்டம் போடாதீர்கள். அந்த ஒரு வாரமும் மூடுபனியில் போய்விடும்.

2. எந்த இடம்

அண்டார்டிகா என்று மனசு ஓடும், எனக்கும் ஓடியது. ஆனால் 2020இல் வெளியான, பாசியால் பச்சையான 1,679 பனித் திட்டுகளைக் காட்டிய செயற்கைக்கோள் வரைபடம் அண்டார்டிகத் தீபகற்பத்தைப் பற்றியது. நம் ஆய்வு நிலையங்களான மைத்ரியும் பாரதியும் இருப்பது கிழக்கு அண்டார்டிகாவில். தீபகற்பத்தின் பாசியை மனதில் வைத்துக்கொண்டு அங்கே போக விண்ணப்பம் எழுதுவது, ஊட்டியில் பூக்கும் பூவைத் தேடி ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுப்பது போல.

ஸ்வால்பார்டில் இரண்டு வாசல்கள். ஒன்று லாங்யியர்பியன், கடை, விடுதி, விமான நிலையம், ஸ்வால்பார்ட் பல்கலைக்கழக மையமான யூனிஸ் எல்லாம் உள்ள ஊர். ஊரின் மேல்முனையிலிருந்து நடந்தே லாங்யியர் பனியாற்றுக்கும் லார்ஸ் பனியாற்றுக்கும் போய்விடலாம். இன்னொன்று நி-ஓலசுண்ட், ஆய்வு நிலையங்கள் மட்டுமே உள்ள சின்னக் குடியிருப்பு, கிங்ஸ் பே என்ற நிறுவனம் நடத்துகிறது, இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து மிட்ரெ லோவன், ஆஸ்ட்ரெ பிரோகர் பனியாறுகளுக்கு நடை தூரம்.

ஹிமாத்ரி வழியாகப் போக வேண்டுமென்றால் கோவாவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் முன்மொழிவுகளுக்கு அழைப்பு விடும்போது விண்ணப்பிக்க வேண்டும். அழைப்பு வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் நேரம் போதாது, வரைவை முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். அது கிடைக்கவில்லை என்றால் நார்வேயிலோ ஐரோப்பாவின் வேறு நாட்டிலோ ஏற்கெனவே அங்கே போய்வரும் ஒரு ஆய்வுக் குழுவோடு ஒட்டிக்கொள்வதுதான் வழி. தனியாகப் போய் அள்ளி வந்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். உங்களிடம் குளிர்பெட்டி, கரடிக்கான துப்பாக்கி, ஆய்வக மேசை மூன்றும் இருக்காது.

3. போவதற்கு முன்னால், திரும்பும் வழியைக் கணக்குப் போடுங்கள்

இதை மூன்றாவது படியாக வைத்திருப்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எல்லோரும் இதைப் பயணத்தின் கடைசி வாரத்தில் யோசிக்கிறார்கள், அதனால்தான் என் வடிதாள்கள் இளகின. மாதிரியை எந்த நிலையில் ஊருக்குக் கொண்டுவரப் போகிறீர்கள் என்பது தெரிந்தால்தான் என்ன வாங்க வேண்டும், எந்த விமானத்தில் வர வேண்டும், யாரிடம் என்ன கடிதம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் தெரியும்.

நுண்ணோக்கியில் பார்த்து எண்ணவும், பொதுவாக டி.என்.ஏ. எடுக்கவும் எத்தனால் போதும். எத்தனால் தீப்பிடிக்கும் பொருள், விமானத்தில் சும்மா கொண்டுபோக முடியாது. ஆனால் ஆய்வு மாதிரிகளுக்கென்று ஏ180 என்ற சிறப்பு விதி இருக்கிறது. ஒவ்வொரு உள்பையிலும் 30 மில்லிக்கு மேல் எத்தனால் இருக்கக் கூடாது, பெட்டி முழுக்கச் சேர்த்து 1 லிட்டரைத் தாண்டக் கூடாது, பைகளை வெப்பத்தால் ஒட்டி மூட வேண்டும், நடுவில் உறிஞ்சும் பொருள் வைக்க வேண்டும், பெட்டியின் மேல் அந்த விதியின் எண்ணைக் குறித்த வாசகம் இருக்க வேண்டும். விமான நிறுவனத்துக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் நிற்கிறவருக்கு ஏ180 தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அச்சிட்ட தாளைக் காட்டினால்தான் மேலாளரைக் கூப்பிடுவார்.

ஆர்.என்.ஏ. வேண்டுமென்றால் ஆர்.என்.ஏ. லேட்டர் கரைசல். அறை வெப்பத்தில் ஒரு வாரம், 4 டிகிரியில் ஒரு மாதம் தாங்கும் என்பது தயாரிப்பாளர் சொல்வது. பனியுருகிய நீரோடு கலந்து நீர்த்துப் போனால் அந்தக் கணக்கு செல்லாது. செல்களை வடித்த பிறகே ஊற்றுங்கள்.

நிறமிக்குத்தான் சிக்கல். அதற்கு உறைந்தே வர வேண்டும். பயணி கொண்டுபோகக்கூடிய உலர்பனியின் மேல்வரம்பு 2.5 கிலோ, அதுவும் விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு, பெட்டி காற்றுப் போகும்படி இருக்க வேண்டும். சின்னத் தெர்மாகோல் பெட்டியில் அது ஒரு நாளைக்கு நின்றால் பெரிய விஷயம். எனக்குக் குளிர்பெட்டியிலிருந்து குளிர்பெட்டி வரை ஏறக்குறைய 40 மணி நேரம் ஆனது. இந்தக் கழித்தல் கணக்கைக் கிளம்புவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் போட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். வழிகள் இரண்டு: ஒன்று, இடையில் உலர்பனியை நிரப்பித் தரும் கூரியர், இதற்குச் செலவு கழுத்தை நெரிக்கும்; இரண்டு, உங்களை அழைத்து இடம் தரும், அதாவது விருந்தளிக்கும், ஆய்வகத்தில் உறைநிலை உலர்த்தி (ஃப்ரீஸ் டிரையர்) இருந்தால் வடிதாள்களை அங்கேயே உலர்த்தி, வெளிச்சம் படாமல் மூடி, சாதாரணப் பெட்டியில் கொண்டுவருவது. இப்போது நான் செய்வது இரண்டாவது. உலர்பனியை அங்கே ஏதாவது கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள், கிடைக்குமா என்று விருந்தளிப்பவரிடம் மாதக்கணக்கில் முன்பே கேளுங்கள்.

உயிருள்ள பாசியை ஊருக்குக் கொண்டுவருவது தனிக் கதை. இறக்குமதி அனுமதி உங்கள் நிறுவனத்தின் வழியாகக் கையில் வராத வரை அந்த எண்ணத்தை மூட்டை கட்டிவிடுங்கள். சிவப்புச் செல்கள் ஆய்வகத்தில் லேசில் முளைக்கிற ரகமும் இல்லை, அதனால் இழப்பு பெரிதல்ல.

4. பதிவும் அனுமதியும்

ஸ்வால்பார்டில் செய்யும் ஆய்வுத் திட்டங்களை "ரிசர்ச் இன் ஸ்வால்பார்ட்" என்ற இணையத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். எல்லோரும் ரிஸ் என்பார்கள். பதிவு செய்தால் ஒரு திட்ட எண் கிடைக்கும். ஸ்வால்பார்ட் ஆளுநர் அலுவலகத்துக்கான விண்ணப்பம், நி-ஓலசுண்டில் தங்குமிடம் எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் நகரும். நீங்கள் வேறு குழுவோடு போகிறீர்கள் என்றால் புதிதாகப் பதிவு செய்யாதீர்கள், அவர்கள் திட்டத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். நான் அவசரப்பட்டுத் தனியாகப் பதிவு செய்து, ஒரே பனியாற்றில் ஒரே குழுவுக்கு இரண்டு திட்டம் என்ற குழப்பத்தை உண்டாக்கி, பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கைப்பிடிப் பனியை அள்ளுவதற்கு அனுமதி எதற்கு என்று தோன்றும். நீங்கள் போகும் இடம் தேசியப் பூங்காவுக்குள்ளோ காப்பகத்துக்குள்ளோ இருந்தால், அல்லது கம்பமோ உணரியோ நட்டு விட்டுவரப் போகிறீர்கள் என்றால், ஆளுநர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் எத்தனை இடம், ஒவ்வொன்றிலும் எவ்வளவு பனி, ஆயத்தொலைவு, தேதி, எப்படிப் போவீர்கள் என்பதை எழுதுங்கள். "சுமார் 30 மாதிரிகள், தலா 2 லிட்டர்" என்று எண்ணோடு எழுதினால் கேள்வி திரும்பி வராது. மூன்று மாதமாவது முன்னால் அனுப்பிவிடுங்கள். பறவைக் காப்பகங்களுக்குள் மே 15 முதல் ஆகஸ்ட் 15 வரை யாரும் நுழையக் கூடாது, அது நம் பருவத்தோடு அப்படியே மோதும். வரைபடத்தில் ஆசைப்பட்டுக் குறித்த தீவு இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ட்ரோனில் பனியின் ஒளித்திருப்பும் திறனை அளக்கலாம் என்று உங்கள் ஆய்வு வழிகாட்டி சொல்வார். நி-ஓலசுண்டைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு வானொலி அமைதி உண்டு. வைஃபை, புளூடூத் எதுவும் கூடாது, கைப்பேசி விமானப் பயன்முறையில்தான் இருக்க வேண்டும். சாதாரண ட்ரோன் பேசும் அலைவரிசை அந்தத் தடைக்குள்தான் வருகிறது. புளூடூத்தில் மட்டுமே தரவு தரும் கருவி எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். கம்பி வழியாக இறக்க முடியுமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

5. விசா

எல்லோரும் மாட்டுகிற இடம் இது. "ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை" என்பது உண்மைதான். ஆனால் அங்கே போகும் விமானம் ஆஸ்லோவிலிருந்தோ த்ரோம்சோவிலிருந்தோ கிளம்புகிறது, அவை ஷெங்கன் பகுதி, அதாவது ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே. ஆக ஆஸ்லோவில் இறங்கும்போது ஒரு முறை உள்ளே நுழைகிறீர்கள், ஸ்வால்பார்டுக்கு ஏறும்போது வெளியேறுகிறீர்கள், திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். இரண்டு நுழைவுகள்! ஒற்றை நுழைவு விசா எடுத்தால் போக முடியும், வர முடியாது. படிவத்தில் நுழைவு எண்ணிக்கை என்ற கட்டத்தில் "பல" என்பதைக் குறியுங்கள். நான் "நார்வேக்கு ஒரு தடவைதானே போகிறோம்" என்று ஒற்றையைக் குறித்தேன், ஒற்றையே கொடுத்தார்கள். கண்டுபிடித்தது கிளம்புவதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அதுவும் நானில்லை, பக்கத்து ஆய்வகத்து அக்கா ஒருவர் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்து, "ஏம்ப்பா, அங்கேயே குடியிருக்கப் போறியா?" என்று கேட்டார். மறுபடி கட்டணம், மறுபடி வரிசை, விமானத் தேதியும் மாறியது.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள் முன். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை இழுக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே பெரும்பாடு, கோடை விடுமுறைக்கு ஐரோப்பா போகிறவர்கள் எல்லோரும் அப்போதுதான் வரிசையில் நிற்பார்கள். ஜூலைப் பயணத்துக்குப் பிப்ரவரியில் விண்ணப்பித்துவிடுங்கள்.

தாள்கள்: திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும், பத்து ஆண்டுக்குள் வாங்கிய, இரண்டு பக்கமாவது காலியான கடவுச்சீட்டு; விருந்தளிக்கும் நிறுவனத்தின் அழைப்புக் கடிதம்; உங்கள் துறைத்தலைவரின் விடுப்பு மற்றும் அனுமதிக் கடிதம்; யார் செலவு ஏற்கிறார்கள் என்ற கடிதம்; வங்கி அறிக்கை; தங்குமிட உறுதி; போகவர விமான முன்பதிவு. அழைப்புக் கடிதத்தில் "ஆஸ்லோ வழியாக ஸ்வால்பார்டுக்குப் போய், மறுபடி ஆஸ்லோ வழியாகத் திரும்புவார், ஆகவே பலமுறை நுழைவு தேவை" என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்கு நான் இரண்டாவது முறை கட்டிய கட்டணமெல்லாம் தட்சிணை.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும், இது தெரிந்த விஷயம். தெரியாத விஷயம், "ஷெங்கன் நாடுகளில் மட்டும்" என்று எழுதியிருக்கும் மலிவான பாலிசி ஸ்வால்பார்டில் காலெடுத்து வைத்ததும் வெற்றுத் தாள். ஸ்வால்பார்ட் பெயரோ, உலகம் முழுவதும் என்ற சொல்லோ இருக்க வேண்டும். பனியாற்றில் நடப்பதைச் "சாகச விளையாட்டு" என்று சொல்லி விலக்கும் பாலிசிகளும் உண்டு, சின்ன எழுத்தைப் படியுங்கள். குடியிருப்புகளைச் சுற்றியுள்ள பகுதியைத் தாண்டிப் போவதென்றால் ஆளுநர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், தேடல் மற்றும் மீட்புச் செலவுக்கான காப்பீடும் காட்ட வேண்டும். ஹெலிகாப்டர் வந்தால் யார் பணம் என்பதே கேள்வி.

6. கரடி, துப்பாக்கி, காவல்துறைச் சான்றிதழ்

குடியிருப்புக்கு வெளியே போகும் யாரும் பனிக்கரடியை விரட்டும் சாதனம் இல்லாமல் போகக் கூடாது. ஒளிவெடி துப்பாக்கியும் ரைஃபிளும் குழுவில் ஒருவரிடமாவது இருக்க வேண்டும், சுடத் தெரிந்திருக்கவும் வேண்டும். நம்மில் முக்கால்வாசிப் பேர் என்.சி.சி.யோடு சரி, சிலருக்கு அதுவும் இல்லை. வாடகைக்கு எடுக்க ஆளுநர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும், அதற்கு ஆயுத உரிமம் இல்லாதவர்கள் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும். நம்மூரில் கடவுச்சீட்டு சேவைத் தளத்தில் 500 ரூபாய்க்கு வாங்கலாம். ஜனவரியிலேயே வாங்கி வைத்துவிடலாம் என்று சுறுசுறுப்பு காட்டாதீர்கள், பழைய தேதியிட்ட சான்றிதழ் உதவாது. மே மாதம் சரியாக இருக்கும்.

முதல் தடவை போகிறவர் துப்பாக்கி பிடிக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பாசி அள்ளுகிறவர் குனிந்துகொண்டே இருப்பார். கரடியைப் பார்க்க நிமிர்ந்து நிற்கும் ஆள் வேறு ஒருவராக இருக்க வேண்டும். அந்த ஒருவரின் சம்பளத்தையோ வழிகாட்டியின் கூலியையோ திட்டச் செலவில் முதலிலேயே எழுதிவிடுங்கள். 2025 முதல் கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். நீங்கள் அள்ளிக்கொண்டிருக்கும் இடத்துக்கு அது வந்தால் பையை விட்டுவிட்டு நகர வேண்டியவர் நீங்கள்தான்.

கரடியைவிட எனக்கு அதிகம் தொல்லை கொடுத்தது ஆலாப் பறவை. கூட்டுப் பக்கம் போனால் தலையில் கொத்தும். ஒரு குச்சியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடங்கள், உயரமானதைத்தான் கொத்தும்.

7. காசு

சென்னையிலிருந்து லாங்யியர்பியன் போய்வர எனக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது, அதுவும் பிப்ரவரியில் எடுத்த டிக்கெட். ஆஸ்லோவிலிருந்து மூன்று மணி நேர விமானம். உணவகத்தில் ஒரு வேளை சாப்பாடு 200 க்ரோனருக்குக் குறையாது. கூட்டுச் சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்து அரிசியும் பருப்பும் கடையில் வாங்கிச் சமைத்துக்கொள்வதுதான் கட்டுப்படியாகும். நி-ஓலசுண்டில் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் நாள்வாடகை. மூன்று வேளையும் பொது உணவுக்கூடத்தில். சைவம் என்றால் முன்பதிவுப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் உருளைக்கிழங்கும் ரொட்டியும்தான் கதி. வருகிறவர்களிடம் வாங்கும் சுற்றுச்சூழல் நிதிக் கட்டணம் 150 க்ரோனர் டிக்கெட்டிலேயே சேர்ந்துவிடும்.

செலவுப் பட்டியலில் எல்லோரும் மறப்பது காத்திருக்கும் நாட்கள். லாங்யியர்பியனிலிருந்து நி-ஓலசுண்டுக்குப் போவது சின்ன விமானம், அரை மணிக்குள் போய்விடும், ஆனால் மூடுபனி வந்தால் கிளம்பாது. போகும்போது இரண்டு நாள், வரும்போது மூன்று நாள் கூடுதலாக வைத்து அதற்கான அறை வாடகையையும் எழுதுங்கள்.

8. மூட்டை

ஆர்க்டிக் என்றதும் தலையணை மாதிரி ஒரு கோட்டு வாங்கிவிடுவோம். லாங்யியர்பியனில் ஜூலைச் சராசரி 6, 7 டிகிரிதான். குளிரைவிட ஈரம்தான் எதிரி: உருகிய பனி முழங்கால் வரை சேறாக இருக்கும், நீரோடைகளைக் கடக்க வேண்டும். நான் விலை உயர்ந்த மலையேற்ற பூட்ஸ் வாங்கிப் போய் முதல் நாளே உள்ளே குளம். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், மேலே நீர் புகாத கால்சட்டையும் சட்டையும், உள்ளே கம்பளி, பனிக்கட்டியில் நடக்கப் பூட்ஸில் மாட்டும் முள்பட்டை, நல்ல கருப்புக் கண்ணாடி. சூரியன் ஆகஸ்ட் 20 தாண்டும் வரை மறையாது, கண்மூடித் தூங்க ஒரு கறுப்புத் துணியும் வையுங்கள்.

நி-ஓலசுண்டு விமானத்தில் 20 கிலோதான் அனுமதி. கருவிகளை முன்கூட்டியே அனுப்புவது பற்றி விருந்தளிப்பவரிடம் பேசுங்கள். நிறமாலைமானி, நுண்ணோக்கி போன்ற விலை உயர்ந்தவற்றை இங்கிருந்து எடுத்துப் போகும்போது விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள், தொடர் எண்ணோடு. வாங்காவிட்டால் திரும்பும்போது "புதிதாக வாங்கி வந்ததா?" என்று வரி கேட்பார்கள். உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில் மட்டும்.

9. களத்தில்

சிவப்பாகத் தெரிவதெல்லாம் பாசி இல்லை. காற்றில் வந்த மண்ணும் பறவை எச்சமும் ஏமாற்றும். பூட்ஸால் ஒரு மிதி மிதித்துப் பாருங்கள். பாசியாக இருந்தால் பனி அமுங்கிய இடத்தில் சிவப்பு அடர்த்தியாகும், காலடித்தடம் வெற்றிலை துப்பிய மாதிரி தெரியும். மிதித்த இடத்தில் அள்ளக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் அள்ளினேன்.

பனியாற்றுக் கட்டியில் சின்னச் சின்னக் குழிகளும் அடியில் கறுப்புப் பொடியும் இருக்கும். அது கிரையோகோனைட், பெரும்பாலும் நீலப்பச்சை நுண்ணுயிரும் தூசியும் சேர்ந்த உருண்டைகள். அதை அள்ளிக் "கட்டிப் பாசி" என்று ஒட்டுச்சீட்டு எழுதி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்சிலோனீமா குழிக்குள் இல்லை, குழிகளுக்கு நடுவில் உள்ள கட்டியின் மேற்பரப்பில் இருக்கிறது. மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டரைச் சுரண்டி எடுங்கள்.

சரிவின் கீழே, காற்று உங்கள் முகத்தில் படும்படி நின்று அள்ளுங்கள். கையுறை போடுங்கள். கரண்டியை அந்த இடத்துப் பனியாலேயே மூன்று தடவை தேய்த்துவிட்டு அப்புறம் அள்ளுங்கள். எத்தனை சதுர சென்டிமீட்டர், எத்தனை ஆழம் என்று அளந்து எடுங்கள், "ஒரு பை நிறைய" என்பது அளவல்ல. சிவப்புத் திட்டு ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு வெள்ளைப் பனி மாதிரி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் வந்தால் கட்டுரையை மதிப்பிடுகிறவர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார். 2016இல் வந்த ஆய்வொன்று, சிவப்புப் பாசி ஓர் உருகு பருவத்தில் பனியின் ஒளித்திருப்பும் திறனை 13 சதவீதம் குறைக்கலாம் என்று சொன்னது. அந்த மாதிரி ஒரு எண்ணை நீங்களும் சொல்ல வேண்டுமென்றால் சிவப்பும் வெள்ளையும் அருகருகே அளந்திருக்க வேண்டும்.

எழுதுவது பென்சிலால், நீர் புகாத தாளில். நிரந்தர மை என்று போட்டிருக்கும் பேனா எத்தனால் பட்டால் ஓடிவிடும்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். உருகும் பனி இரண்டு லிட்டர் பையில் ஏறக்குறைய ஒரு கிலோ. இருபது பை என்றால் இருபது கிலோ, முதுகில், சேற்றில், கீழ்நோக்கி. வெள்ளைப் பனிக்குத்தான் நிறைய வேண்டும், ஏனென்றால் அதில் செல் குறைவு. அடர் சிவப்புக்கு அரை லிட்டரே அதிகம், 50, 100 மில்லி வடிப்பதற்குள் வடிதாள் அடைத்துக்கொள்ளும்.

10. உருக்குவதில் பொறுமை

பையை ஆய்வகத்தில் வெந்நீர்க் குழாய் பக்கத்தில் வைத்து உருக்கலாம் என்று கை துடிக்கும். வேண்டாம். பூஜ்ஜியத்தில் வாழ்ந்த செல் திடீரென்று 20 டிகிரிக்கும் வெளிச்சத்துக்கும் வந்தால் வெடிக்கும், இல்லையென்றால் தன் நிலையை மாற்றிக்கொள்ளும். நீங்கள் அளப்பது பனியாற்றின் பாசியை அல்ல, மேசையின் பாசியை. 4 டிகிரியில், இருட்டில், ஓர் இரவு முழுக்க விடுங்கள். அங்கே இரவுக்கும் வெயில் அடிக்கும் என்பதால் பெட்டியை அலுமினியத் தாளால் மூடுங்கள். உருகியதும் உடனே கண்ணாடி இழை வடிதாளில் கைப்பம்பால் மெதுவாக இழுத்து வடித்து, மடித்து, சுற்றி, உறையவிடுங்கள். ஒவ்வொரு நாளும் தூய நீரை மட்டும் வடித்த வெற்று மாதிரி ஒன்று. எண்ணுவதற்கான பத்து மில்லியைத் தனியே எடுத்த பிறகே வடிக்க ஆரம்பியுங்கள். நான் இரண்டு நாள் எல்லாவற்றையும் வடித்துவிட்டு எண்ண ஒன்றுமில்லாமல் நின்றேன்.

11. கிளம்பும் நாள், அப்புறம்

ஸ்வால்பார்ட் நார்வேயின் சுங்க எல்லைக்கும் வெளியே. திரும்பும்போது பெட்டிகளோடு சுங்கத்தைத் தாண்ட வேண்டியிருக்கும், அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது விடுங்கள். கையில் ஒரு கோப்பு: உங்கள் நிறுவனத் தலைப்புத் தாளில் "உயிரற்ற, நோய் பரப்பாத, வணிக மதிப்பில்லாத ஆய்வு மாதிரிகள்" என்ற கடிதம், விருந்தளித்தவரின் கடிதம், ரிஸ் பதிவின் அச்சு, ஆளுநர் அனுமதி, மாதிரிக் குழாய்களின் பட்டியல். நம்மூர் விமான நிலையத்தில் மறைக்காமல் சிவப்பு வாசலில் போய்ச் சொல்லிவிடுங்கள். சிவப்புப் பாசியென்றதும் அதிகாரி குழாயைத் தூக்கிப் பார்த்து "குங்குமம் மாதிரி இருக்கே" என்றார், பத்து நிமிடத்தில் விட்டுவிட்டார்.

அனுமதியில் அறிக்கை தரச் சொல்லியிருந்தால் தேதிக்குள் கொடுங்கள், ரிஸ் பதிவையும் புதுப்பியுங்கள். கொடுக்காதவர் அடுத்த வருடம் விண்ணப்பிக்கும்போது அது ஞாபகத்துக்கு வரும், அவர்களுக்கு.

கடைசியாக ஒன்று. எல்லா மாதிரியையும் இரட்டையாக எடுத்து, ஒரு பாதியை அங்கேயே குளிர்பெட்டியில் விட்டு வாருங்கள், பெயர், தேதி, எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்ற குறிப்போடு. இதை நான் யோசித்துச் செய்யவில்லை. பெட்டியில் இடம் போதாமல் 31 வடிதாள்களை விட்டுவிட்டு வந்தேன். என் நிறமி அளவீடுகள் எல்லாம் அந்த 31இலிருந்து வந்தவை. அடுத்த ஜனவரியில், உலர்த்தி, ஒரு சாதாரணத் தபால் உறையில் வந்து சேர்ந்தன.